முதலும் வரவும்

ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு நாட்டின் கணக்கும் விளங்கும் என்று எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முதியவர் ஒருவர் கூறுவார். அளவில் வேறுபாடு உண்டே தவிர முறையில் வேறுபாடு இல்லை என்பது அவர் கருத்து. விளைந்த நெல்லை விற்றுப் பெற்ற பணம் வரவு. உழைத்துப் பெற்ற கூலி வரவு. ஆனால், நெல் விளைந்த நிலத்தையே விற்றுப் பெற்ற பணம் வரவாகுமா? கையில் எண்ணும்போது எல்லாம் பணந்தான். எனினும், நிலம் விற்ற பணத்தை வரவுப் பக்கத்தில் எழுதி, அதற்கேற்பச் செலவைப் பெருக்கிக்கொள்பவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறான். அது வரவன்று, முதல். முதலை உண்பவனுக்கு மறு ஆண்டு முதலும் இல்லை, வரவும் இல்லை.

இந்த எளிய உண்மையை வளரும் நாடுகளின் வாழ்வில் வைத்துப் பார்ப்பதே இன்று நான் மேற்கொண்ட பணி. எண்ணெய், இரும்பு, செம்பு, வைரம் முதலியன பூமிக்கடியில் கிடைக்கும் நாடுகள் பல. அவற்றால் வரும் வருமானம் அந்நாடுகளின் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு? அப்பங்கு பெரிதாயின் நாடு செழிக்குமா, தேயுமா? இக்கேள்விக்கு விடை காண, ஏறத்தாழ ஒரே காலத்தில் விடுதலை பெற்ற இரண்டு சிறு நாடுகளின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பசிபிக் கடலிலுள்ள நவுருத் தீவு. மற்றொன்று, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொருளியல் நூல்களில் ‘வாரம்’ என்னும் சொல் வழங்குகிறது. உழவர் நன்கறிந்த சொல்லே அது. உழைப்புக்கும் விதைக்கும் ஏருக்கும் உரியது போக, நிலத்துக்குரியவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவன் பெறும் பங்கு வாரம். ஆங்கிலப் பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்துரைத்தார். சுரங்கத்துக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஒரு டன் தாதுவை வெட்டிக் கப்பலேற்ற, போட்ட முதலுக்குரிய நியாயமான ஆதாயம் உட்பட, பத்து ரூபாய் செலவாகிறது என்போம். சந்தையில் அது முப்பது ரூபாய்க்கு விலை போனால், எஞ்சிய இருபது ரூபாய் மனிதன் உழைத்துப் பெற்றதன்று; இயற்கை அளித்த வாரம். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, தாதுப்பொருள், காடு ஆகியவற்றின் வாரத்தைக் கூட்டி, அது ஒவ்வொரு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு எத்தனை என்று உலக வங்கி கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறது. இந்தியா போன்ற நாட்டில் அது நூற்றுக்குச் சிலவே. ஈராக், லிபியா போன்ற எண்ணெய் நாடுகளிலோ சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடுவோர், வெட்டி விற்ற தாதுவின் மதிப்பை வருமானத்தில் சேர்க்கின்றனர். பூமியில் அந்த அளவு குறைந்துவிட்டதே என்று அதிலிருந்து கழிப்பதில்லை. அஃதாவது, நிலம் விற்ற பணத்தை வரவுப் பக்கத்தில் எழுதுகின்றனர். இக்குறையை உணர்ந்த உலக வங்கியார் 1990-களின் பிற்பகுதியிலிருந்து, தேய்ந்த வளத்தைக் கழித்துச் சேமிப்பைக் காட்டும் வேறொரு கணக்கையும் வெளியிடலாயினர். ஆயினும் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது முதற்கணக்கே.

நேயர்களே, இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டானதற்கு ஒரு மாணவன் காரணம். 1986-ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பசிபிக் தீவுகளைப் பற்றிக் கூறுகையில், நவுரு என்ற புள்ளியளவான தீவைக் காட்டி, “இங்கே வரி இல்லை, வைத்தியத்துக்கும் படிப்புக்கும் செலவில்லை, கல்லை வெட்டி விற்றே செல்வர்களாக வாழ்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள்” என்று சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். “கல்லு தீர்ந்து போனா என்ன பண்ணுவாங்க, ஐயா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து, “அதற்குள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அவன் ஏன் அவ்வாறு கேட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன். முன்னர், நான் புகழ்ந்த அத்தீவின் கதையைக் கேளுங்கள்.

நவுரு நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. அதன் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நம் நாட்டில் இரண்டு மூன்று கிராமங்களின் அளவு. கரையோரத்தில் தென்னை வளரும் ஒடுங்கிய நிலம். நடுவே மேட்டு நிலம். 1888-இல் ஜெர்மனி அத்தீவைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. அத்தீவிலிருந்து கொண்டுவந்த ஒரு கல், சிட்னி நகரத்து வணிக அலுவலகம் ஒன்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுக்கும் கல்லாகக் கிடந்தது. ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் அலுவலர் ஐயுற்று அதைச் சோதித்தார். அது உயர்ந்த தரமான பாஸ்பேட் பாறை. பயிருக்கு உரமாகும் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த இச்சோதனை ஒரு தீவின் தலைவிதியை மாற்றியது. நவுருவின் மேட்டு நிலம் முழுவதும் அப்பாறையே என்பது தெரிந்தது. 1900-களின் முதற் பத்தாண்டிலேயே வெட்டும் பணி தொடங்கிற்று.

அக்காலத்தில் நிலத்துக்குரியோர் பெற்ற வாரம் டன் ஒன்றுக்கு அரைப் பென்னி. 1914-இல் உலகப் போர் மூண்டதும் ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. 1919-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்து, பாஸ்பேட்டை வெட்டும் உரிமையை ஒரு ஆணையக் குழுவிடம் ஒப்படைத்தன. அம்மூன்று நாடுகளுக்கும் பாறை அடக்க விலைக்கே அனுப்பப்பட்டது. இதன் பொருளைச் சிந்தியுங்கள். அடக்க விலைக்கே விற்றால் கணக்கில் வாரம் தோன்றாது. தோன்றாத வாரத்தில் பங்கு கேட்பது எங்ஙனம்? நவுருவின் மண் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களில் கோதுமையாகவும் புல்லாகவும் விளைந்தது. ஆதாயம் அங்கே சேர்ந்தது. பள்ளம் இங்கே தங்கியது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். 1943-இல் மக்களுள் 1,200 பேரைத் தொலைவிலுள்ள டிரக் தீவுகளுக்கு வேலைக்காகக் கொண்டுபோயினர். பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1946-ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் ஊர் திரும்பியவர் 737 பேர். அந்த நாளையே பின்னர் விடுதலை நாளாகவும் அம்மக்கள் தேர்ந்துகொண்டனர்.

போருக்குப் பின் ஆஸ்திரேலியா ஐக்கிய நாடுகள் சபையின் பெயரால் தீவை நிர்வகித்தது. பாறை வெட்டிய பின் நிலம் எதற்கும் உதவாது என்பதை அப்போதே அனைவரும் அறிந்திருந்தனர். ஆகவே 1960-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியக் கரையை அடுத்த கர்டிஸ் தீவுக்கு மக்கள் அனைவரையும் குடியேற்றலாம் என்று ஒரு திட்டம் கூறப்பட்டது. நிலமும் வீடும் குடியுரிமையும் தருவதாகச் சொன்னார்கள். நவுரு மக்கள் தாங்கள் ஒரு தனிச் சமூகமாகத் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்றனர். அதற்கு உறுதி கிடைக்கவில்லை. 1964-இல் திட்டத்தை மறுத்துவிட்டனர். ஊரைவிட்டுப் போனால் உயிர் பிழைக்கலாம். ஆனால் நவுருவர் என்ற பெயர் பிழைக்காது என்று கருதிய அச்சிறு கூட்டத்தாரின் துணிவை நான் வணங்குகிறேன்.

1968-இல் விடுதலை கிடைத்தது. ஹாமர் டிராபர்ட் முதற் குடியரசுத் தலைவரானார். ஆணையக் குழுவின் சுரங்க உடைமைகளை 2 கோடியே 10 இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விலைக்கு வாங்கி, 1970-இல் தொழிலை முழுவதும் தம் கையில் எடுத்துக்கொண்டனர். இனி வாரம் முழுவதும் நாட்டுக்கே. 1970-களின் நடுவில் பாஸ்பேட் விலை பன்மடங்கு உயர்ந்தது. தலைக்குரிய வருமானத்தில் நவுரு உலகின் முன்வரிசையில் நின்றது. அந்த வருமானத்தின் பெரும்பங்கு ஒரே ஒரு பொருளிலிருந்து வந்தது.

அவர்கள் எதிர்காலத்தை நினைக்கவே இல்லை என்று சொல்வது அநியாயம். பாறை தீரும் என்று தெரிந்தே ஒரு பொறுப்பு நிதியம் அமைத்தார்கள். அது உச்சத்தில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கடந்தது. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அது 1977-இல் நிறைவுற்றது. ஆனால் முதல் சேர்ந்த இடத்தில் காவல் இல்லை. சில ஆயிரம் மக்களுக்கு ஒரு விமான நிறுவனம். இருக்கைகள் காலியாகப் பறந்த விமானங்கள் பல. இலண்டனில் 1993-இல் லியொனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்கு முதலிட்டு, அதுவும் நட்டமாயிற்று. அரசின் செலவு வரவை மிஞ்சிய ஆண்டுகளில் நிதியத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்கினார்கள். கடனுக்கு வட்டி, வட்டிக்கு மேலும் கடன் என்று அது வளர்ந்தது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது நம் பழமொழி. நவுருவில் அது உவமையன்று. உண்மையாகவே குன்று மாண்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிதில் வெட்டத்தக்க பாஸ்பேட் ஏறத்தாழத் தீர்ந்தது. மெல்போர்ன் கட்டடம் 2004-இல் கடனுக்காக விலை போயிற்று. 2005-இல் விமான நிறுவனத்தின் எஞ்சிய ஒரே விமானமும் கடன்காரரால் கைப்பற்றப்பட்டது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு வெட்டப்பட்டு, கூர்கூரான சுண்ணப் பாறைகள் நிற்கும் வெளியாகக் கிடக்கிறது. அங்கே உழவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது. பிறருடைய கடன்காரன் ஆன நாடு, 2001 முதல் ஆஸ்திரேலியா நாடி வந்த அகதிகளைத் தன் நிலத்தில் தடுத்து வைத்திருப்பதற்காக அந்நாட்டிடம் பணம் பெறலாயிற்று. தன் ஊரைவிட்டுப் போக மறுத்த மக்கள், ஊரிழந்தோருக்குக் காவலாக நிற்கும் நிலை வந்ததே என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பழி முழுவதும் அவர்கள் மேலன்று. விடுதலைக்கு முன் வெட்டிப் பாழாக்கிய நிலத்தைச் சீர்ப்படுத்துமாறு நவுரு 1989-இல் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இரு நாடுகளும் சமாதானமாயின. 10 கோடியே 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா இசைந்தது. ஆக, முதலைப் பிறர் உண்டது ஒரு பாதிக் கதை. தாமே உண்டது மறுபாதி.

இனி ஆப்பிரிக்காவுக்கு வருவோம். போட்ஸ்வானா 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. பெரும்பகுதி கலஹாரிப் பாலை. அக்காலத்தில் கடும் பஞ்சம். தார்ச்சாலை பன்னிரண்டு கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் 22 பேர் என்பர். அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் உதவிப் பணத்தை எதிர்பார்த்தனர். மறு ஆண்டே, 1967-இல், ஒராபா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கேதான் வரலாறு வேறு வழி சென்றது. முதற் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, ங்வாட்டோ என்னும் பெருங்குடியின் அரசுரிமைக்குப் பிறந்தவர். ஆங்கிலப் பெண்ணை மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசால் நாடு கடத்தப்பட்டு, தலைமையுரிமையைத் துறந்து 1956-இல் ஊர் திரும்பியவர். வைரம் கிடைத்த ஒராபா அவருடைய குடியினரின் நிலத்திலேயே இருந்தது. அவர் நினைத்திருந்தால் அச்செல்வத்தைத் தம் குலத்துக்கே உரியதாக்கியிருக்கலாம். ஆனால் 1967-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், எக்குடியின் நிலத்தில் கிடைத்தாலும் கனி நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது என்று ஆயிற்று. ஒரு தலைவன் தன் வீட்டு வாயிலில் கிடைத்த புதையலை ஊர்ப் பொதுவில் வைத்தான் என்றால், பிறகு பங்குச் சண்டைக்கு இடமேது?

சுரங்கம் 1971-இல் வேலையைத் தொடங்கியது. சுரங்க நிறுவனத்தில் முதலில் நூற்றுக்கு 15 பங்கு பெற்றிருந்த அரசு, பேசிப் பேசி 1975-இல் சரிபாதிப் பங்கு பெற்றது. 1982-இல் ஜ்வானெங் என்னும் மாபெரும் சுரங்கம் திறக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி சுரங்கத்திலிருந்து வந்தது. பங்கின் அளவைப் பார்த்தால் இதுவும் ஆபத்தான நிலையே. ஆனால் அப்பணம் சென்ற வழி வேறு. கனியிலிருந்து வரும் பணத்தை அன்றாட நிர்வாகத்துக்குச் செலவிடலாகாது. அது மற்றொரு முதலாக மாற வேண்டும் என்ற விதியை அவர்கள் வகுத்துக்கொண்டனர். சாலை ஒரு முதல். பள்ளி ஒரு முதல். படித்த பிள்ளையும் நோயற்ற பிள்ளையும் முதலே. எஞ்சியதை 1990-களில் ‘புலா நிதியம்’ என்ற பெயரில் வெளிநாட்டில் சேமித்தனர். புலா என்றால் அவர்கள் மொழியில் மழை. அவர்கள் நாணயத்துக்கும் அதுவே பெயர். மழையின் அருமை தெரிந்தவர்களுக்குச் சேமிப்பின் அருமையும் தெரிந்தது போலும். மிக வறிய நாடுகளின் பட்டியலிலிருந்து 1994-இல் முதன்முதலாக வெளியேறிய நாடு போட்ஸ்வானாவே.

இங்ஙனம் கூறுவதால் அது குறையற்ற நாடு என்று கொள்ள வேண்டா. செல்வர்க்கும் வறியோர்க்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிகுந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. வைரச் சுரங்கம் பணம் தருமேயன்றிப் பலருக்கு வேலை தராது. ஏற்றுமதியில் பெரும்பகுதி வைரமாகவே நீடித்தது. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் வைரம் சந்தைக்கு வந்து இயற்கை வைரத்தின் மதிப்பைக் குலைத்தது. 2024-இல் நாட்டின் உற்பத்தியே சுருங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில், விடுதலை முதல் ஆண்ட கட்சியை மக்கள் ஆட்சியினின்றும் இறக்கினர். பாறை தீர்ந்தால் மட்டுமன்று, பாறைக்கு மதிப்புத் தீர்ந்தாலும் அதே கதிதான் என்பதைப் போட்ஸ்வானா இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் இன்று அது தன் இடரை எதிர்கொள்வது, சாலையோடும் பள்ளியோடும் படித்த ஒரு தலைமுறையோடும் ஆகும்.

ஆகவே, இயற்கை வளத்தின் பங்கு நூற்றுக்குப் பத்தா, ஐம்பதா என்னும் எண் தனியே நமக்கு ஒன்றையும் கூறாது. அது ஒரு கேள்வியின் தொடக்கம். அந்தப் பங்கு யார் கைக்குச் சென்றது? எந்த விதிக்குக் கட்டுப்பட்டது? பூமிக்கடியில் குறைந்த முதல், பூமியின் மேல் எந்த உருவில் கூடிற்று? ஜான் ஹார்ட்விக் என்னும் பொருளியலறிஞர் 1977-இல் இதனைக் கணித முறையில் நிறுவினார்: தீரும் வளத்தின் வாரம் முழுவதையும் புதிய முதலாக மாற்றினால், வளம் குறைந்துகொண்டே போயினும் பின்வரும் தலைமுறையின் வாழ்வு தாழாது நிற்கும். கணிதம் அறியாத நம் பாட்டிமாரும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: விதைநெல்லைக் குத்திச் சோறாக்காதே.

இனி அந்த மாணவனிடம் திரும்புகிறேன். அவன் தந்தைக்கு வாய்க்காலோரம் நஞ்சை இருந்தது. செங்கற்சூளைக்காரர் ஒருவர் மூன்றடி ஆழத்துக்கு மண்ணை மட்டும் விலை பேசினார். நிலம் உங்களுடையதே, மண்ணைத்தான் கேட்கிறோம் என்றார். லாரிகள் ஒரு கோடைகாலம் முழுவதும் ஓடின. அந்த ஆண்டு அவ்வீட்டில் புது ஓடு வேய்ந்தார்கள். ஒரு கலியாணமும் நடந்தது. ஊரார் அவரைக் கொடுத்து வைத்தவர் என்றனர். மறு ஆண்டு வயலில் தண்ணீர் நின்றது, வடியவில்லை. அதற்கு மறு ஆண்டு கோரைதான் விளைந்தது. இவையெல்லாம் நான் வகுப்பில் நவுருவைப் புகழ்வதற்கு முன்பே நடந்தவை. பையன் கேட்டது பசிபிக் தீவைப் பற்றி அன்று. தன் வீட்டைப் பற்றி. அதை நான் அறிந்தது பத்தாம் வகுப்பின் நடுவில் அவன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிறகு.

மாணவன் கேட்கும் கேள்வியைச் சிரித்துத் தள்ளாதே என்பது பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கற்பித்த முதற்பாடம். அன்று அதை மறந்தேன். அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இன்று உங்களுக்குச் சொன்னேன். கல் தீர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதைக் கல் தீர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை. முதல் லாரி ஏறும்போதே கேட்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தோன்றிய அக்கேள்வி, கருவூலத்தின் திறவுகோலை வைத்திருப்போர்க்கும் தோன்றுமாயின், பூமிக்கடியில் உள்ள செல்வம் நாட்டுக்கு நன்மையே செய்யும்.